ஆறு பேரப்பிள்ளைகளை ஒரே படத்தில் அமர்த்துவது எப்படி?

காவிரிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில், என் மாமனாரின் எண்பதாம் வயது நிறைவை முன்னிட்டு, கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் இருக்கும் அவருடைய வீட்டில் குடும்பத்தார் அனைவரும் கூடவிருக்கிறோம். சடங்குகளைப் படமெடுக்கத் தொழில்முறைப் புகைப்படக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டோம். ஆனால், பேரப்பிள்ளைகள் ஆறு பேரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று கூடத்துச் சுவரில் மாட்டுமளவுக்குப் பெரிதாக வேண்டும் என்றும், அதை மருமகனாகிய நானே எடுத்துத் தர வேண்டும் என்றும் மாமியார் சொல்லிவிட்டார். கோயில் கோபுரங்களையும் ஆற்றங்கரைகளையும் எடுத்துப் பழகிய எனக்கு இது புதிய வேலை.

பிள்ளைகளின் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவள் 11 வயதுப் பெண். அடுத்து 9 வயதுப் பையன், 7 வயதுப் பெண், 5 வயதுப் பையன், 3 வயதுப் பையன், கடைசியாக 8 மாதப் பெண் குழந்தை. 9 வயதுக்காரனும் 5 வயதுக்காரனும் உடன்பிறந்தவர்கள். அருகருகே உட்கார வைத்தால் முழங்கையால் இடித்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். 3 வயதுப் பையன் கேமராவைக் கண்டாலே அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். கைக்குழந்தை தானாக உட்காருகிறாள் என்றாலும் சற்று நேரத்தில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறாள்.

வீடு வடக்குப் பார்த்த வாசல் கொண்டது. வாசலின் இருபுறமும் அகலமான திண்ணைகள், உள்ளே ரேழி, சிவப்புச் சிமெண்டுத் தரை போட்ட கூடம், நடுவில் திறந்த முற்றம், பின்னால் கிணறும் வாழைகளும் உள்ள கொல்லை. என்னிடம் 24 மெகாபிக்சல் கொண்ட ஏபிஎஸ்-சி வகைக் கேமராவும் (படத்தைப் பதியும் சென்சார் சற்றுச் சிறியது), அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும், கேமராவின் தலையில் செருகும் ஃபிளாஷ் ஒன்றும் இருக்கின்றன. எந்த இடத்தில், யாரை எங்கே அமர்த்துவது, எந்த லென்ஸைப் பயன்படுத்துவது, ஆறு பேரையும் ஒரே கணத்தில் கேமராவைப் பார்க்க வைப்பது எப்படி என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். உயர வரிசைப்படி வாசலில் நிற்க வைத்து எடுத்தால் போதும் என்று என் மனைவி சொல்கிறார்.

ஸ்டுடியோக்காரர் எழுதியது:

வணக்கம் நண்பரே. முதலில் உங்கள் மனைவி சொன்ன உயர வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மிக எளிதான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாப் படங்கள் பல அப்படித்தான் எடுக்கப்படுகின்றன. ஆனால் ஆறு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் படத்தின் அகலம் முழுவதையும் அவர்களுடைய உடைகள் நிரப்பிவிடும், மேலே வெற்றுச் சுவரும் கீழே வெறுந்தரையும் பாதிப் படத்தை விழுங்கிக்கொள்ளும், முகங்கள் சுருங்கிப்போகும். அதோடு, எட்டு மாதக் குழந்தையை அந்த வரிசையில் எங்கே நிறுத்துவீர்கள்? ஒரு பெரியவர் தூக்கிக்கொண்டு நின்றால் அது பேரப்பிள்ளைகள் படமாக இருக்காது.

சிறிய குழுவை அமர்த்தும்போது நான் எப்போதும் கடைசிக் குழந்தையிலிருந்து தொடங்குவேன். யாருடைய மடியில் அந்தக் குழந்தை அழாமல் இருக்குமோ அவரே படத்தின் நடு. உங்கள் வீட்டில் அது 11 வயதுப் பெண்ணாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவளை நட்டநடுவில் வைக்காமல் சற்றே ஒரு பக்கம் தள்ளிச் சம்மணமிட்டு உட்கார வைத்து, குழந்தையின் முதுகு அவள் மார்பில் சாயும்படி, முகம் வெளியே பார்க்கும்படி மடியில் வையுங்கள். பெண்ணின் இரண்டு கைகளும் குழந்தையின் வயிற்றைச் சுற்றி வரட்டும். அப்போது குழந்தை சாயவும் முடியாது, கைகளை என்ன செய்வது என்ற குழப்பம் அந்தப் பெண்ணுக்கும் இருக்காது. 3 வயதுப் பையனை அவளுடைய ஒரு பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார வையுங்கள். மறுபக்கத்தில் 5 வயதுப் பையன், ஒரு முழங்காலை உயர்த்தி அதன்மேல் கைவைத்தபடி உட்காரட்டும். இவர்களுக்குப் பின்னால் 9 வயதுக்காரனும் 7 வயதுக்காரியும் முழங்காலிட்டு இருக்க வேண்டும். முன்வரிசைத் தலைகளுக்கு இடையிலான இடைவெளிகளில் பின்வரிசை முகங்கள் தெரிய வேண்டும். ஒரு தலைக்கு நேர் பின்னால் இன்னொரு தலை வரக் கூடாது. 9 வயதுக்காரனை 3 வயதுக்காரனுக்குப் பின்னால் வைத்துவிட்டால், அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே மூத்தவள் இருப்பாள். அவர்களுடைய முழங்கைப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் எந்த இரண்டு பக்கத்து முகங்களும் ஒரே உயரத்தில் இருக்க மாட்டா. கண் ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்குச் சரிந்து போகும்; அதனால்தான் ஓவியர்களும் பழைய ஸ்டுடியோக்காரர்களும் முகங்களை முக்கோணமாக அமைக்கும் முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எங்கேயாவது ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஒரு கை தோளில், ஒரு முழங்கால் இன்னொருவர் முதுகில், ஒரு தலை லேசாகச் சாய்ந்து. முகத்துக்கும் முகத்துக்கும் இடையே ஒரு கைப்பிடி அகலத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், நேரில் நெருக்கமாகத் தெரிந்தவர்கள் படத்தில் பிரிந்து தெரிவார்கள்.

இனி இடம். வடக்குப் பார்த்த வாசல் என்று சொன்னீர்கள். அதைவிட நல்ல செய்தி வேறில்லை. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், நம் ஊர்ப்பக்கம் உச்சி வேளையிலும் அது தலைக்கு நேரே வருவதில்லை. உங்கள் வடக்குத் திண்ணையில் பகல் முழுவதும் நேர் வெயில் விழாது, ஆனால் தெருவின் திறந்த வானத்திலிருந்து மென்மையான வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். (இதே விழா ஆனியில் நடந்தால் கதை மாறும், அப்போது சூரியன் வடக்கே ஒதுங்கி வந்து திண்ணையின் விளிம்பைத் தொடும்.) எதிர்வீட்டுச் சுவரை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அது தெற்கு நோக்கிய சுவர் என்பதால் முழு வெயிலையும் வாங்கி உங்கள் திண்ணை மேல் திருப்பி அனுப்பும். வெள்ளைச் சுவராக இருந்தால் அது இலவசமாகக் கிடைத்த பெரிய விளக்கு. இக்காலத்து வழக்கப்படி கிளிப்பச்சையோ ரோஜா நிறமோ பூசியிருந்தால், பிள்ளைகளின் கன்னங்களில் அந்த நிறம் ஏறும். அப்படியானால் வாசலுக்கு மறுபக்கத்துத் திண்ணையைச் சோதித்துப் பாருங்கள்.

கொல்லையை விட்டுவிடலாம். வாழை இலைகளின் பசுமை முகத்தில் படிந்தால் கணினியில் அதைக் கழுவி எடுப்பது பெரிய வேலை. மேலும், கிணறு இருக்கும் இடத்துக்கு ஆறு பிள்ளைகளை அழைத்துப் போவதை எந்தப் பாட்டியும் விரும்ப மாட்டார். முற்றத்தின் நடுவே வெளிச்சம் மேலிருந்து மட்டும் இறங்குவதால் கண்குழிகள் கறுத்துவிடும். மழையோ கூட்டமோ காரணமாகத் திண்ணை கிடைக்காமல் போனால், தாழ்வாரத்தின் ஓரத்தில் முற்றத்தை நோக்கி உட்கார வைத்து, நீங்கள் முற்றத்துக்குள் நின்று எடுக்கலாம். கூடத்துக்குள் மட்டும் ஃபிளாஷை நம்பிப் போகாதீர்கள். ஃபிளாஷைக் கூரையில் பட்டுத் திரும்பச் செய்யும் வித்தை வெள்ளைக் கான்கிரீட் கூரையுள்ள அறைகளில்தான் பலிக்கும். மரத்தூலங்களும் செங்கல்லுமாக இருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை வெளிச்சத்தைக் குடித்துவிட்டுப் பழுப்பு நிறத்தைத்தான் திருப்பித் தரும். சிவப்புத் தரையோ எல்லோருடைய மோவாயின் அடியிலும் குங்குமம் பூசிவிடும்.

திண்ணையில் இன்னொரு வசதியும் உண்டு. தெருவில் நிற்கும் உங்களுடைய கேமரா, திண்ணை மேல் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு அதிகம் குனியாமலே வந்துவிடும். பெரியவர்கள் நின்ற இடத்திலிருந்து கீழ்நோக்கி எடுப்பதால்தான் பல வீட்டுப் படங்களில் குழந்தைகளுக்குத் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் தெரிகின்றன. ஆனால் திண்ணை உயரமானது என்பதை மறக்க வேண்டாம். முன்வரிசை விளிம்பிலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளி இருக்கட்டும்; படத்தில் விழாதபடி, கை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில், அதன் தாயார் நிற்கட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்த காலத்தில், மேலைநாட்டு ஸ்டுடியோக்களில் தாயார் மீது துணியைப் போர்த்தி நாற்காலிபோல ஆக்கி, அவர் மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். அத்தகைய படங்கள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. துணிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு குழந்தையைப் பிடித்திருக்கும். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரு திண்ணைத் தூண் போதும்.

மழலையர் ஆசிரியை எழுதியது:

ஸ்டுடியோ ஐயா சொன்ன அமர்வு முறை அழகானது. ஆனால், அதை அவர் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சரிசெய்யப் போனால், ஆறாவது பிள்ளையை அமர்த்தும்போது முதலாமவன் எழுந்து போயிருப்பான். நான் மழலையர் வகுப்பு நடத்துகிறவள். 3 வயதுக் குழந்தைக்கு "அசையாமல் இரு" என்ற கட்டளை ஒரு சில நொடிகளுக்குத்தான் செல்லுபடியாகும். ஆகவே எல்லா ஏற்பாட்டையும் பிள்ளைகள் இல்லாமலே முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. முதல் நாள் மாலையில் பெரியவர்கள் யாரையாவது, அல்லது ஆறு தலையணைகளை, அந்தந்த இடத்தில் வைத்து வெளிச்சத்தையும் தூரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பிள்ளைகள் வந்து உட்காரும்போது நீங்கள் கேமராவின் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது.

திண்ணையில் ஒரு கோரைப்பாயை விரித்துவிடுங்கள். பாய்க்கு எல்லை உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பாயை விட்டு இறங்காமல் விளையாடுவது அவர்களுக்குப் பழக்கம். 9 வயதுக்கும் 11 வயதுக்கும் உள்ள பிள்ளைகளிடம் மட்டும் திட்டத்தை முன்பே சொல்லி, "நீதான் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்", "தம்பியின் தோளில் நீதான் கை வைத்திருக்க வேண்டும்" என்று ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அந்த வயதில் பொறுப்பு கிடைத்தவர்கள் குறும்பு செய்வது குறைவு. சின்னவர்களிடம் படத்தைப் பற்றியே பேச வேண்டாம். பாட்டியின் பல்லாங்குழிப் பலகை வீட்டில் இருந்தால் அதை நடுவில் வையுங்கள். சோழிகளைக் கைக்குழந்தைக்கு எட்டாத பக்கம் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐந்து பேரும் பலகையின் மேல் குனிந்திருக்கும்போதே நீங்கள் எடுக்கத் தொடங்கலாம். முகம் தெரியவில்லை என்று கவலைப்படாதீர்கள், அது கேமராவின் சத்தத்துக்கு அவர்களைப் பழக்கும். புடவைக்குள் ஒளியும் பையனுக்கு இது மிகவும் உதவும். அவனைக் கடைசியாகத்தான் கூட்டிவர வேண்டும்; அவன் வரும்போது அங்கே ஏற்கெனவே ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இனி, எல்லோரும் நிமிர வேண்டிய கணம். பலகையை அகற்றிவிட்டு, "சிரியுங்கள்" என்றோ "சீஸ்" என்றோ சொன்னால் உதடுகள் மட்டும் விரியும், கண்கள் விரியா. அதற்குப் பதிலாக ஒரே பதில் உள்ள கேள்வி ஒன்றைக் கேளுங்கள். "இந்த வீட்டில் குறட்டை விடுவது யார்?" என்று கேட்டால் மூன்று வயதுக்காரன்கூடத் தாத்தாவின் பெயரைக் கூவுவான், பெரியவர்கள் சிரிப்பார்கள், அதைப் பார்த்துக் கைக்குழந்தையும் வாயைப் பிளக்கும். சிரிப்பின் உச்சத்தில் கண்கள் சுருங்கிப் பற்கள் மட்டும் தெரியும் என்பதால், அது அடங்கி மூச்சு வாங்கும் நொடியையும் விடாமல் எடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்களுக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் நிற்க வேண்டும், அவரும் லென்ஸுக்கு மேலே, அதை ஒட்டியே கிலுகிலுப்பையை ஆட்ட வேண்டும். அத்தை ஒரு பக்கம் கை தட்ட, மாமா மறுபக்கம் விசிலடிக்க, பெரியம்மா தன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு "இங்கே பாரு கண்ணா" என்று கூப்பிட்டால், ஆறு பிள்ளைகளும் ஆறு திசையில் பார்ப்பார்கள். தப்பு பிள்ளைகள் மீது இல்லை. திரும்பாத குழந்தையின் மோவாயைப் பிடித்துத் திருப்புவது, அழும் குழந்தையை "படம் முடியட்டும்" என்று உட்கார்த்தி வைப்பது ஆகிய இரண்டும் அன்றைய நாள் முழுவதற்குமான ஒத்துழைப்பைக் கெடுத்துவிடும். அழுதால் எழுப்பிக்கொண்டு போய்விடுங்கள்; மற்ற ஐவரை எடுத்துக்கொண்டிருங்கள்; பத்து நிமிடத்தில் அவனே வந்து நடுவில் நுழைவான்.

நேரத்தையும் குழந்தையின் தூக்கம்தான் தீர்மானிக்க வேண்டும். காலையில் தூங்கி எழுந்து பால் குடித்த பிறகான அரைமணி நேரம் பொன்னானது. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, இடுப்பில் ஒட்டியாணம் எல்லாம் அணிவித்த பிறகு பிள்ளைகள் நெடுநேரம் பொறுமையாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அணிந்தவுடன் எடுங்கள், அல்லது பருத்தி உடையிலேயே எடுங்கள். என்னைக் கேட்டால் பருத்தியே மேல். ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் மாமியார் என்னோடு உடன்படுவார் என்று தோன்றவில்லை.

ஒளிச்சாளரம் எழுதியது:

மேலே இருவரும் முக்கியமானவற்றைச் சொல்லிவிட்டார்கள். எண்களை மட்டும் நான் தருகிறேன். 50 மி.மீ. லென்ஸையே மாட்டுங்கள். உங்கள் சென்சாரில் அது 4 மீட்டர் தூரத்திலிருந்து ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலத்தை அடக்கும். ஸ்டுடியோ நண்பர் சொன்னபடி நெருக்கி அமர்த்தினால் பிள்ளைகள் அறுவரும் அதில் தாராளமாக இடம்பெறுவார்கள். 18 மி.மீ. பக்கம் போக வேண்டாம். அத்தனை அகலக் கோணத்தில் ஓரத்தில் இருக்கும் முகங்கள் பக்கவாட்டில் இழுபடும். முன்னால் இருக்கும் குழந்தை மற்றவர்களைவிடப் பூதாகாரமாகத் தெரியும்.

எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு அளவு; எண் சிறியதானால் திறப்பு பெரிது. எஃப் 1.8 என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காக அந்த அளவிலேயே எடுத்துவிடாதீர்கள். 4 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 45 செ.மீ. அளவுதான், முன்வரிசையில் குவியம் (ஃபோகஸ்) வைத்தால் பின்வரிசை மங்கிவிடும். எஃப் 5.6 வைத்தால் அதே தூரத்தில் 1.3 மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும், அதாவது குவியம் வைத்த இடத்துக்கு முன்னால் அரை மீட்டருக்குச் சற்று அதிகமும், பின்னால் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமும். மூத்த பெண்ணின் கண்ணில் குவியத்தை வைத்துவிட்டால் போதும். தானாகக் கண்ணைத் தேடும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், அது ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்குத் தாவிக்கொண்டிருக்கும். ஒற்றைப் புள்ளிக் குவியம் நம்பகமானது. ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம்; சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு 1600 வரை ஏற அனுமதியுங்கள். பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் இருந்தால் கேமரா ஏமாந்து முகங்களை இருட்டாக்கும், கேமராவின் வெளிச்சத் திருத்த அமைப்பில் 0.7 அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை படம் எடுத்தால் ஒருவரும் கண்ணை மூடாத படம் ஒன்று கிடைக்கும் என்பதற்கு ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் கணக்குப் போட்டு, 2006இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசைக் கணிதத்துக்காகப் பெற்றார்கள். இருபது பேருக்குக் குறைவான குழுவென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றாலும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டாலும் வகுக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. உங்கள் அறுவருக்கு அது இரண்டு அல்லது மூன்று படம். ஆனால் அந்தக் கணக்கு கண் சிமிட்டுவதை மட்டுமே கருதியது. மூக்கை நோண்டுவதும், தம்பியின் குடுமியை இழுப்பதும் அதில் சேரவில்லை. ஆகவே தொடர்ச்சியாக எடுக்கும் வசதியை இயக்கிவிட்டு, நல்ல கணம் வரும்போதெல்லாம் விரலை எடுக்காமல் அழுத்துங்கள். கேமராவை முக்காலியில் பூட்டி எடுத்தீர்களானால், ஒரு படத்தில் திரும்பிய முகத்துக்கு அடுத்த படத்து முகத்தைக் கணினியில் பொருத்துவதும் எளிது. அதை ஏமாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இரண்டும் ஒரே நிமிடத்தில் அதே திண்ணையில் நடந்தவைதானே.

பிள்ளைகளைச் சேர்த்து எடுப்பது எவ்வளவு பழைய தலைவலி என்பதற்கு ஒரு செய்தி. கல்கத்தாவில் பிறந்து, பிற்காலத்தில் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879இல் அங்கேயே மறைந்த ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், 48 வயதில் தமக்குக் கிடைத்த கேமராவால் 1864இல் முதல் நல்ல படத்தை எடுத்தார். அதற்கு முன் இரண்டு குழந்தைகளை வைத்து முயன்றபோது ஒன்று சிரித்துவிட, கண்ணாடித் தகடு வீணாயிற்று. பிறகு ஒரே ஒரு சிறுமியை அமர்த்தி, அசைந்தால் தம் உழைப்பும் இரசாயனப் பொருள்களும் வீணாகிவிடும் என்று கெஞ்சிக் கேட்டுத்தான் அந்தப் படத்தைப் பெற்றதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அவருக்குச் சிரிப்பு பகை; 1/250 நொடி கையில் இருக்கும் உங்களுக்கு அதுதான் துணை.

காவிரிக்கரை மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எதிர்வீட்டுச் சுவரைப் பற்றி விசாரித்தேன். வெள்ளைதான், சென்ற ஆண்டு அடித்ததாம். முக்காலியையும் பாயையும் குறித்துக்கொண்டேன். பல்லாங்குழி பரணில் இருப்பதாக மாமியார் சொன்னார்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பேத்திகள் மூவரைத் தனியாகவும், பேரன்கள் மூவரைத் தனியாகவும் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மூன்று பேராகச் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டிலுள்ள மூத்தவர்கள் தடுக்கிறார்கள். அடுத்து, கூடத்தில் ஏற்கெனவே தாத்தாவின் பெற்றோர் படம் மாட்டியிருக்கும் 10க்கு 12 அங்குலத் தேக்குச் சட்டம் போலவே இதற்கும் வேண்டும் என்கிறார்கள். அந்த அளவுக்கு என் கேமராவின் படம் தாங்குமா?

ஸ்டுடியோக்காரர் எழுதியது:

மூன்று பேர் என்ற தடையை என் ஸ்டுடியோவில் அடிக்கடி சந்திக்கிறேன். அதோடு வாதாடுவதில் பயனில்லை. மூன்று பேர் வந்தால் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து நால்வராக எண்ணிக்கொள்ளச் சொல்லும் வழக்கம் எங்களிடம் உண்டு. உங்கள் வீட்டில் பொம்மைக்கு அவசியமில்லை. பேத்திகள் மூவரோடு பாட்டி உட்காரட்டும். பேரன்கள் மூவரோடு தாத்தா உட்காரட்டும். இரண்டு படத்திலும் கணக்கு நான்காகிவிடும். பெரியவர்களை முதலில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளை அவர்கள் மேல் ஏறிக்கொள்ள விடுங்கள். நீங்கள் அமர்த்த வேண்டிய தேவையே இருக்காது. 3 வயதுக்காரனைத் தாத்தாவின் மடியிலும், சண்டைக்காரச் சகோதரர்களை அவருடைய இரு பக்கத்திலும் விட்டுவிடுங்கள். அறுவர் படத்தை முதலில் முடித்த பிறகே இவற்றுக்குப் போக வேண்டும், ஏனெனில் கைக்குழந்தையின் பொறுமை முதல் படத்துக்குத்தான் உறுதி.

அளவைப் பொறுத்தவரை 24 மெகாபிக்சல் தாராளமாகப் போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல் என்ற விகிதத்தில் இருக்கும்; 12க்கு 18 அங்குலச் சட்டமென்றால் அது அப்படியே பொருந்தும், ஓர் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கும். 10க்கு 12 சட்டத்தின் விகிதம் அதைவிடக் குறுகலானது என்பதால், உயரத்தை முழுமையாக வைத்துக்கொண்டால் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்ட நேரிடும். 4 மீட்டர் தூரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் 1.9 மீட்டர் அகலம் அப்போது ஏறத்தாழ 1.5 மீட்டராகச் சுருங்கும். பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்தால் அதற்குள்ளும் அடங்குவார்கள். ஆனால் ஓரத்தில் இருப்பவனுடைய முழங்கை சட்டத்துக்குள் மறையாதிருக்க அரை மீட்டர் பின்னால் போய் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் செய்யும் ஆசாரியிடம் சொல்லும்போது, மரத்தின் உள்விளிம்பு நான்கு பக்கமும் கால் அங்குலம் வரை படத்தை மறைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் தாளைத் தவிர்த்து மேட் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். முற்றத்து வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் பளபளப்புத் தாளும் அதன் மேல் கண்ணாடியும் சேர்ந்து, பிள்ளைகளின் முகங்களுக்குப் பதிலாக முற்றத்தைத்தான் காட்டும்.